சைக்கிள் திருடர்களோடு இத்தாலி முடிந்துவிடவில்லை: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைப்படச் சங்க நிர்வாகிகளுக்கும், திரையிடலுக்குப் படம் தேர்வு செய்யும் குழுவினருக்கும் வணக்கம்.

இத்தாலியத் திரைப்பட வாரம் என்று நீங்கள் அறிவித்தால், பட்டியலில் என்னென்ன இருக்கும் என்று உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். டி சிக்கா, ரோசெல்லினி, ஃபெலினி, அன்டோனியோனி என்று அதே இயக்குநர்கள். இவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்ல வரவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு உலகத் திரைப்படத்தை அறிமுகம் செய்தவர்கள் இவர்கள்தான். பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்த மழை நாட்களிலும் காட்சியை ரத்து செய்யாமல் நடத்தியவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். 1976-இல் வெளிவந்த 'லிபெரி அர்மாத்தி பெரிகொலோசி' என்ற படத்தைத் திரையிடுங்கள். கட்டற்றவர்கள், ஆயுதம் ஏந்தியவர்கள், ஆபத்தானவர்கள் என்பது தலைப்பின் பொருள். இயக்கியவர் ரொமோலோ குவெரியெரி. திரைக்கதை எழுதியவர் பெர்னாண்டோ டி லியோ. ஒரு சங்கத்தின் கூட்டத்தில் இந்தப் படத்தை முன்மொழிந்தபோது, "அது துப்பாக்கிச் சண்டைப் படம், நமக்கு வேண்டாம்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிட்டது. அப்படிச் சொன்னவர் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அவர் பார்த்தது சுவரொட்டியை மட்டும்தான். அந்த ஒரு வரிக்குப் பதிலாகவே இந்த மடல் நீள்கிறது.

கதை மிலான் நகரில் தொடங்குகிறது. லேயா என்ற இளம்பெண் காவல் நிலையத்துக்கு வருகிறாள். தன் காதலன் லூயிஜியும் அவனுடைய நண்பர்கள் இருவரும் ஒரு பெட்ரோல் பங்க்கில் கொள்ளையடிக்கப் போகிறார்கள், எப்படியாவது தடுத்துவிடுங்கள் என்கிறாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று அவள் மனதார நம்புகிறாள். ஏதோ வேகத்தில் செய்கிறார்கள், போலீஸ் மிரட்டினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது அவளுடைய கணக்கு. போலீஸார் மறைவில் காத்திருக்கிறார்கள். பையன்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். அடுத்த சில நொடிகளில் பிணங்கள் விழுகின்றன. அவற்றில் போலீஸ்காரர்களும் உண்டு. அங்கிருந்து வங்கி, இன்னொரு கொள்ளை, கூட்டாளிகள் மீதே திரும்பும் துப்பாக்கி, லேயாவையும் இழுத்துக்கொண்டு நகரத்தைவிட்டு ஓட்டம் என்று படம் எங்கும் நிற்காமல் போகிறது.

அந்த மூவரையும் பாருங்கள். ஸ்டெபானோ பாத்ரிட்சி நடிக்கும் மாரியோ, சுடும்போதும் முகத்தில் சலனம் காட்டாதவன். பெஞ்சமின் லெவ் நடிக்கும் ஜொவான்னி, எதற்கும் சிரிப்பவன். அவனுடைய சிரிப்பு ஒரு கட்டத்துக்குப் பிறகு துப்பாக்கிச் சத்தத்தைவிட அச்சம் தருகிறது. மாக்ஸ் டெலிஸ் நடிக்கும் லூயிஜி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய் திறக்காமல் இருப்பவன். மூவருமே வசதியான வீட்டுப் பிள்ளைகள். கொள்ளையடித்த பணம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பழி வாங்க ஆள் இல்லை, கொள்கை இல்லை, காப்பாற்றக் குடும்பக் கடன் இல்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்தில் படம் நம்மைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொள்கிறது.

படத்தின் உயிர்நாடியான காட்சியில் ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை. பையன்களின் தந்தையரைக் காவல் அதிகாரி வரவழைக்கிறார். ஊரில் நல்ல பெயரெடுத்த, மரியாதைப்பட்ட மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். நடந்ததை அவர்களால் தங்கள் பிள்ளைகளோடு பொருத்திப் பார்க்க முடியவில்லை. என் மகனா என்று திகைக்கிறார்கள். அதிகாரியின் கோபம் அவர்கள் பக்கம் திரும்புகிறது. பையன்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை பாதியில் கிடக்க, இந்த அறையில் அவர் வேறொரு விசாரணையை நடத்துகிறார். மகனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடன் என்று பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தந்தையரும் அந்தக் கடனை அடைத்துவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். படிக்க வைத்தோம், கேட்டதை வாங்கிக் கொடுத்தோம், இன்னும் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் நிற்கிறது. அந்தக் கேள்விக்கு அறையில் இருக்கும் யாரிடமும் விடை இல்லை.

டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' படம் நமக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. பசித்தவன் திருடுகிறான், அவனைத் திருடனாக்கியது அவனைச் சுற்றியிருக்கும் உலகம். அது உண்மை. ஆனால் அந்த ஓர் உண்மையிலேயே நாம் குடியேறிவிட்டோம். திரையிடலுக்குப் பின் நடக்கும் கலந்துரையாடல்களில் குற்றம் என்ற சொல் எழுந்த உடனே வறுமை என்ற சொல் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வயிறு நிறைந்தவனின் குற்றத்தைப் பற்றிப் பேச நம்மிடம் பேச்சே இல்லை. கூடா நட்பு என்போம், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்போம், அடுத்த மாதப் படத்துக்குப் போய்விடுவோம்.

இத்தாலியில் அந்தப் பேச்சு எப்போதோ தொடங்கிவிட்டது. திரையில் அதைப் பின்தொடர ஒரு வழி சொல்கிறேன். பிராங்கோ இன்டர்லெங்கி என்ற நடிகரின் முகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1946-இல் டி சிக்காவின் 'ஷூஷா'வில், ரோம் நகரத் தெருவில் ஷூ பாலிஷ் போடும் சிறுவன் பாஸ்குவாலே அவர்தான். ஒரு குதிரை வாங்க ஆசைப்பட்டுச் சிறுவர் சிறையில் போய் முடியும் அந்தப் பையனுக்காக அழாதவர்கள் நம் சங்கங்களில் இருக்க மாட்டார்கள். 1953-இல் அன்டோனியோனியின் 'இ வின்தி' படத்தில் அதே முகம் நல்ல குடும்பத்துக் கல்லூரி மாணவனாக வருகிறது. சிகரெட் கடத்துகிறான். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கடத்தவில்லை. வீட்டில் தாயும் தந்தையும் மகன் இரவில் எங்கே போகிறான் என்றே தெரியாமல் காத்திருக்கிறார்கள். 1959-இல் போலோஞினி இயக்கி, கவிஞரும் பின்னாளில் இயக்குநருமான பசோலினி திரைக்கதை எழுதிய 'லா நோத்தே பிராவா'வில் மூன்றாம் முறை. இப்போது ரோம் புறநகரத்து முரட்டு இளைஞன்; ஒரே நாளில் கைக்கு வந்த திருட்டுப் பணம் விடிவதற்குள் கரைந்துபோகிறது.

அந்தக் கடைசிப் படத்தில் இன்னொரு புதுமுகம் இருக்கிறார். கியூபாவின் ஹவானாவில் பிறந்து, நியூயார்க்கில் நடிப்புப் பயின்று, இத்தாலிக்கு வந்து சேர்ந்த தோமஸ் மிலியன். ஏற்ற வேடம், பணக்கார வீட்டு இளைஞன் அகில்லே. பதினேழு ஆண்டுகள் கழித்து 'லிபெரி'யில் தந்தையரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் காவல் அதிகாரி இதே மிலியன்தான். அதே 1976-இல் அவர் தலைமுடியை வளர்த்துக்கொண்டு, வாய்த்துடுக்கான ரோம் திருடனாகவும் அழுக்குச் சட்டைப் போலீஸ்காரனாகவும் நடித்த படங்கள் மக்களிடையே பெரிய வரவேற்புப் பெற்றன. இந்தப் படத்தில் அந்தச் சேட்டை எதுவும் இல்லை. அடங்கிய குரல், களைத்த முகம். நடிப்பில் இவ்வளவு கட்டுப்பாடு காட்டியதற்காகவே இவருக்கு ஒரு தனி மாலை ஒதுக்கலாம்.

'இ வின்தி'க்கு நேர்ந்த கதையை உறுப்பினர்கள் அவசியம் அறிய வேண்டும். பிரான்ஸ், இத்தாலி, இங்கிலாந்து என்று மூன்று நாடுகளில் நடக்கும் மூன்று தனிக் கதைகள் கொண்ட படம் அது. பிரெஞ்சுப் பகுதியில் பள்ளி மாணவர்கள் தங்கள் தோழனையே கொல்கிறார்கள். 1948-இல் நடந்த உண்மைச் சம்பவம் ஒன்றே அதற்கு அடிப்படை. பிரான்சில் அந்தப் படத்துக்கு 1963 வரை அனுமதி இல்லை. இத்தாலியப் பகுதி முதலில் எழுதப்பட்டபோது அதன் நாயகன் நவபாசிச இளைஞன். தணிக்கையின் நெருக்கடியில் அரசியல் முழுவதும் உருவப்பட்டு, சிகரெட் கடத்தலாக மாற்றப்பட்டது. போதாததற்கு, இக்கால இளைஞர்களைக் கண்டிக்கும் ஓர் உபதேச முன்னுரையும் படத்தின் தலையில் ஏற்றப்பட்டது. வசதியான வீட்டுப் பிள்ளை ஏன் கொலை செய்கிறான் என்று கேட்பதையே ஓர் அரசு இவ்வளவு அஞ்சியது.

அப்போது அடக்கப்பட்டது பின்னாளில் தெருவுக்கே வந்தது. மிலான் நகரின் நடுவில், விலை உயர்ந்த கடைகள் சூழ்ந்த சான் பாபிலா சதுக்கம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே கறுப்புக் கண்ணாடியும் கூர்முனைப் பூட்ஸுமாக வலதுசாரி இளைஞர் கூட்டம் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். 1975 மே மாதம் அந்த வட்டாரத்து இளைஞர்கள், இடதுசாரி என்று தங்களுக்குத் தோன்றிய ஓர் இளைஞனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். உடன் வந்த பெண் காயங்களோடு உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டே கார்லோ லிட்சானி அதை 'சான் பாபிலா, இரவு 8 மணி: பயனற்ற ஒரு கொலை' என்ற படமாக எடுத்தார். நான்கு இளைஞர்கள், ஒரே ஒரு நாள். காலையிலிருந்து சுற்றுகிறார்கள், வம்பிழுக்கிறார்கள், ஒரு பெண்ணை இழிவுபடுத்துகிறார்கள், இரவில் கொல்கிறார்கள். இசை என்னியோ மொரிகோனே. அவர்களுடைய பாசிசம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை அவர்களுடைய வெறுமையும். இரண்டையும் பிரிக்க முடியாதபடி லிட்சானி பின்னியிருக்கிறார்.

1975 செப்டம்பர் இறுதியில் நடந்தது இன்னும் கொடியது. ரோம் நகரின் பணக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள், எளிய குடும்பத்துப் பெண்கள் இருவரைச் சிர்ச்செயோ கடற்கரையிலிருந்த மாளிகை ஒன்றுக்கு அழைத்துச் சென்று சித்திரவதை செய்தார்கள். அந்தப் பெண்களுக்கு வயது 17, 19. மூத்தவர் கொல்லப்பட்டார். இளையவர் இறந்ததுபோல் கிடந்து உயிர் தப்பினார். ரோமில் ஒரு தெருவில் நிறுத்தியிருந்த காரின் பின்பெட்டிக்குள்ளிருந்து அவர் தட்டிய சத்தத்தைக் கேட்டுத்தான் அவரை மீட்டார்கள். அன்றைய இத்தாலியச் சட்டத்தில் பாலியல் வன்முறை பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றமாகவே வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஒரு மனிதருக்கு எதிரான குற்றம் என்று சட்டம் திருத்தப்பட 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கொலை நாட்டையே உலுக்கியது. அக்டோபரில் எழுத்தாளர் இதாலோ கால்வினோ நாளிதழில் அதைப் பற்றி எழுதினார். வசதி படைத்த வர்க்கத்தின் ஒரு பகுதியில் வேரோடிய திமிரையும் பொறுப்பின்மையையும் அவர் சுட்டினார். பசோலினி அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இதைப் பணக்காரப் பையன்களின் நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இதே கொடுமையை ஏழைப் புறநகர் இளைஞர்களும் செய்கிறார்கள், நுகர்வுக் கலாச்சாரம் இரு தரப்பையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது என்பது அவருடைய வாதம். அந்தக் கடிதம் அக்டோபர் 30-ஆம் தேதி வெளியானது. நவம்பர் 2-ஆம் தேதி விடியலில் ரோமுக்கு அருகிலுள்ள ஓஸ்தியாவில் பசோலினி கொலையுண்டு கிடந்தார். பழைய ஏழைகளைப் பசோலினி அளவுக்கு மீறித் தூயவர்களாக நினைத்தார் என்பது என் கருத்து. ஆனாலும் அந்த விவாதத்தின் சூடு ஆறுவதற்குள் எடுக்கப்பட்ட படம் 'லிபெரி' என்று தெரிந்து பார்க்கும்போது, அதன் ஒவ்வொரு காட்சியும் வேறு கனத்தோடு வந்து இறங்குகிறது.

'லிபெரி'யின் மூலக்கதைகள் சிர்ச்செயோ கொலைக்கும் முந்தியவை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அவற்றை எழுதியவர் ஜோர்ஜோ ஷெர்பனென்கோ. உக்ரைனியத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் கீவ் நகரில் பிறந்து, மிலானில் வாழ்ந்து, 1969-இல் மறைந்தவர். பத்திரிகைகளில் பெண்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதியைப் பல காலம் நடத்தியவர். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அந்தக் கடிதங்கள் வழியாக அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பொருளாதார வளர்ச்சியில் மினுங்கிய மிலானைப் பார்த்து எல்லோரும் வியந்துகொண்டிருந்தபோது, அந்த வீடுகளின் 'நல்ல பையன்கள்' கையில் துப்பாக்கி எடுப்பார்கள் என்று அவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். துப்பறியும் கதை எழுதுபவர் என்று சொல்லி அவரை இலக்கிய மேடைகள் ஓரமாக உட்காரவைத்தன. நீங்கள் இந்தப் படத்துக்குச் செய்வதும் அதுவே.

1970-களில் இத்தாலியில் போலீஸ் படங்கள் வரிசை கட்டி வந்தன. பலவற்றுக்கு ஒரே வாய்பாடு. நகரம் குற்றத்தில் மூழ்கியிருக்கிறது, சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது, மீசை வைத்த அதிகாரி சட்டத்தை மீறிச் சுட்டு நீதியை நிலைநாட்டுகிறார். அந்த வாய்பாட்டை நீங்கள் வெறுப்பது நியாயம், நானும் வெறுக்கிறேன். இந்தப் படம் அந்த வரிசையில் நின்றுகொண்டே அதை மறுக்கிறது. இங்கே அதிகாரி எல்லா இடத்துக்கும் பிந்தி வந்து சேர்கிறார். அவரிடம் இருக்கும் துப்பாக்கியால் எதற்கும் விடை கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு, மறைக்கமாட்டேன். கார் துரத்தல்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன. தந்தையரிடம் அதிகாரி பேசும் இடத்தில் சில வரிகள் பார்வையாளருக்கு நேராகச் சொல்லும் பிரசங்கமாகிவிடுகின்றன. லூயிஜி மீது மாரியோ கொண்டிருக்கும் சொல்லப்படாத ஈர்ப்பை அவனுடைய கொலைவெறியோடு முடிச்சுப் போடுவதுபோல் சில காட்சிகள் அமைந்திருப்பது இன்று பார்க்கும்போது தவறாகவே படுகிறது. இதையும் கலந்துரையாடலில் வெளிப்படையாகப் பேசுங்கள். லேயாவைப் பற்றியும் பேசுங்கள். இந்தக் கதையில் வாய் திறந்து எச்சரித்த ஒரே ஆள் அவள்தான். எலெயோனோரா ஜோர்ஜி அந்தப் பாத்திரத்தை அழுகைப் பொம்மையாக்காமல் நடித்திருக்கிறார். அவள் சொன்னதைக் கேட்டுத் துப்பாக்கிகளோடு போய்ப் பதுங்கினார்களே, அவர்களில் யாராவது அந்தப் பையன்களின் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படம் முடிந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்து இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று குழுவில் யாராவது அஞ்சினால், ஒன்று சொல்கிறேன். வன்முறையை அழகுபடுத்தும் படங்களுக்கு அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. வீட்டில் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். கொலைக்குப் பின் வரும் வெற்றுச் சிரிப்பை இவ்வளவு அருவருப்பாகக் காட்டும் படத்தைப் பார்க்கத்தான் நம் போன்ற இடம் தேவை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே எழுதிவையுங்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம்.

எப்படித் திரையிடுவது என்பதிலும் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வார இறுதியில் 'ஷூஷா', 'இ வின்தி', 'லா நோத்தே பிராவா', 'லிபெரி' என்று ஆண்டு வரிசையில் நான்கு படங்கள். முடிந்தால் மறுவாரம் லிட்சானியின் படம். நான்கு படங்களுக்கு இடம் இல்லையென்றால் முதலும் கடைசியும் போதும். பசியால் குற்றத்துக்குப் போன சிறுவனும், பசியே அறியாமல் கொன்ற இளைஞனும் ஒரே மாலையில் ஒரே திரையில் வரட்டும். வெட்டப்பட்ட பிரதி வேண்டாம், ஆங்கில டப்பிங் வேண்டாம். இத்தாலிய ஒலியோடு, தமிழ்த் துணைவரிகளோடு காட்டுங்கள். சிர்ச்செயோ பற்றியும் பசோலினி, கால்வினோ விவாதம் பற்றியும் ஒரு பக்கக் குறிப்பு அச்சிட்டு வாசலில் கொடுங்கள். கலந்துரையாடலுக்கு உளவியல் நிபுணரையோ ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியையோ அழைத்து முடித்துவிடாதீர்கள். கல்லூரி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோர்களையும் ஒன்றாக உட்காரவையுங்கள். தந்தையர் காட்சி முடிந்த பிறகு அந்த இரு தரப்பும் என்ன பேசும் என்று கேட்க எனக்கு மிகவும் ஆவல்.

துணைவரிகளைத் தமிழாக்கும் வேலையை நானே செய்து தருகிறேன், ஊதியம் வேண்டாம். குறிப்புத் தாளையும் எழுதித் தருகிறேன். திரையிடும் உரிமையை முறைப்படி கேட்டுப் பெறும் கடிதம் மட்டும் சங்கத்தின் பெயரில் போக வேண்டும். அதை நீங்கள்தான் அனுப்ப முடியும். வரும் ஆண்டின் திட்டம் முடிவாகும் முன் ஒருமுறை குழுவாகக் கூடி இந்தப் படத்தை முழுதாகப் பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்று முடிவு செய்தால், காரணத்தை எழுதுங்கள். அதற்கும் பதில் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஓர் உறுப்பினர்